வகுபடாத கல்

பெரிய எண்களை எழுதும்போது காற்புள்ளியை எங்கே போடுவது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு, மேடம். ஏட்டையா இந்த வாக்குமூலத்தில் மூன்று மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறார். அது வெள்ளைக்காரன் வழக்கம். நம் வழக்கத்தில் வலது ஓரத்தில் முதலில் மூன்று, அப்புறம் இரண்டிரண்டாகப் போக வேண்டும். ஆயிரம், லட்சம், கோடி என்று வாயில் வருவது தாளிலும் வர வேண்டும் அல்லவா. பரவாயில்லை, அடிக்க வேண்டாம். எண் மாறவில்லை, அது போதும்.

தொழில் என்ற இடத்தில் ‘டியூஷன்’ என்று மட்டும் இருக்கிறது. அதைக் ‘கணித ஆசிரியர்’ என்று போட்டால் நன்றாக இருக்கும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், புது வீடுகள் வந்திருக்கும் தெருவில், ‘ஏகம் பயிற்சி மையம்’ என்ற பலகையை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்ணாயிரம் சார் நான்தான். பத்தாம் வகுப்பிலிருந்து போலீஸ் தேர்வு வரை எல்லாவற்றுக்கும் கணக்கு எடுக்கிறேன். வெளியே பெஞ்சில் எனக்கு எழுந்து இடம் கொடுத்த கான்ஸ்டபிள் என்னிடம் லாபநட்டக் கணக்கு படித்தவர். பாவம், இன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறார்.

தென்றல் எப்படி இறந்தாள் என்பதுதான் உங்கள் கேள்வி. வருகிறேன். படிகளை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதுகிறவர்களுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. அந்தப் பழக்கத்தை இங்கே வந்து மாற்றிக்கொள்ள முடியாது.

இந்த ஊருக்கு வேலை தேடி வருகிறவர்களைவிடத் தன்னைத் தேடி வருகிறவர்கள் ஜாஸ்தி. எல்லாம் ஒன்றே என்று காலையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். மத்தியானம் ஆட்டோக்காரரோடு பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பார்கள். நான் குறை சொல்லவில்லை. வாடகையும் பால் விலையும் அவர்கள் புண்ணியத்தில் ஏறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் இத்தனை பேர் ஒன்று ஒன்று என்று பேசுகிற ஊரில், ஒன்று என்ற எண்ணைப் பற்றி உருப்படியாக ஏதாவது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றியது. அதைத் தலைக்கனம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

கிரிவலப் பாதையில் அர்ஜுனனுக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. மனை விற்கிறவர் அவர். தியானம் செய்ய வருகிறவர்களுக்குப் பாய், மோர், கொஞ்சம் மௌனம் எல்லாம் அங்கே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நான் பேச ஆரம்பித்தேன். ஒன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதி, அதை அதாலேயே பெருக்கிக் காட்டுவேன். விடை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை ஏறி, மறுபடி ஒன்று வரை இறங்கும். மலை தெரிகிறதா என்று கேட்பேன். தெரிகிறது என்று பத்துப் பேராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஏழாம் வகுப்புப் பெருக்கல்தான்.

அப்புறம் பகா எண்ணுக்கு வருவேன். ஏழு, பதினொன்று, பதின்மூன்று மாதிரி, தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண். வெறும் ஒன்றுகளாகவே அடுக்கி எழுதும் எண்களில் பகா எண்கள் மிகவும் அரிது. பத்தொன்பது ஒன்றுகளை அடுக்கினால் அப்படி ஒன்று கிடைக்கும், நிரூபிக்கப்பட்ட விஷயம். மேலிருந்து கீழ் வரை ஒன்றைத் தவிர வேறு இலக்கமே கிடையாது. பிரிக்க வந்த எண்கள் எல்லாம் மீதியோடு திரும்பிப் போகும். இதைவிடப் பெரிய வேதாந்தம் எது என்று கேட்டேன். வெளிநாட்டு அம்மாள் ஒருவர் என் காலைத் தொட்டார். அர்ஜுனன் தொடவில்லை, தோட்டத்தின் நடுவே ஒரு வெற்றிடத்தைக் காட்டினார்.

“லிங்கம் வெச்சா பாதையில இருக்கற எட்டோட ஒம்போதுனு ஆயிடும் சார், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இது புச்சா இருக்குது. இதையே கல்லுல அடிச்சி நட்டுடலாம்” என்றார்.

நட்டோம். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கருங்கல்; ஒன்றின் கீழ் ஒன்றாக ஒன்றுகள். அடித்தவன் சடையன். கைசுத்தமான வேலைக்காரன், அதில் சந்தேகம் இல்லை. கோளாறு உபயத்தில் வந்தது. நம் ஊர் உபயதாரர்களை உங்களுக்குத் தெரியும். கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தால் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதுவார்கள். சுற்றும்போது எவன் படிப்பான் என்று யோசிக்க மாட்டார்கள். அர்ஜுனன் முதலில் தன் பெயரை மட்டும் கொடுத்தார். அப்புறம் காலஞ்சென்ற அப்பா பெயர், மனைவி ஆதிலட்சுமி பெயர், பிள்ளைகள் பெயர் என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் பிள்ளைகள் படித்த படிப்பும் வந்தது. மூத்தவன் இன்ஜினியரிங்கில் இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருந்தான். அது கல்லில் இல்லை.

நான் வகுப்பில் இருந்தபோது சடையன் போன் செய்தான். “சார், மேல போட்ட உபயம் எறங்கி வந்துடுச்சி, அடியில எடம் பத்தல. எல்லாம் ஒண்ணுதானே, ரெண்டு கொறச்சிக்கிட்டா என்னங்க?” என்று கேட்டான்.

இதை மடத்தனம் என்று சிரிக்காதீர்கள். எல்லாம் ஒன்றே என்று ஊரே சொல்லும்போது, கல் அடிக்கிறவன் மட்டும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா. நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒன்றுகளின் எண்ணிக்கை வகுபடுகிற எண்ணாக இருந்தால், அந்தப் பெரிய எண்ணும் கட்டாயம் வகுபடும். நான்கு ஒன்றுகளை எடுத்தால் பதினொன்றால் வகுபடும், அப்படி. பத்தொன்பதில் இரண்டு போனால் பதினேழு. பதினேழு ஒரு பகா எண். ஆகவே அந்தத் தேர்வில் தேறிவிட்டது. அடி சடையா என்று சொல்லிவிட்டு வகுப்பைத் தொடர்ந்தேன்.

பதினேழு ஒன்றுகள், மேடம். படித்தால் நூற்றுப் பதினோரு கோடிகோடிக்கு மேல் வரும். முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவர் எழுந்து போய்விடுவார். அதனால் மக்கள் அதைப் படிக்கவே இல்லை. ‘வகுபடாத சாமி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. வகுபடாதது என்றால் பிரியாதது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். விவாகரத்துக்கு வக்கீல் பார்த்த பெண்களை மாமியார்கள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கல்லில் சிவப்புக் கயிறு கட்ட வைத்தார்கள். ஏட்டையா மணிக்கட்டில் இருப்பதும் அந்தக் கயிறுதான் என்று நினைக்கிறேன். கழற்ற வேண்டாம், ஐயா, இருக்கட்டும். பாகப்பிரிவினை கேட்டு கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பிகள் வந்தார்கள். கல்லின் மேல் கை வைத்து, சொத்தைப் பிரிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அரிசி ஆலை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் அப்படிச் சத்தியம் செய்து வழக்கை வாபஸ் வாங்கினார்கள். இப்போது ஆலை மொத்தமும் அண்ணனிடம் இருக்கிறது. தம்பி பௌர்ணமி தவறாமல் கயிறு கட்ட வருகிறான்.

கையில் போன் இல்லாத பக்தர் ஒருவரும் இல்லை. எல்லோரும் கல்லோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அதே போனில் அந்த எண்ணைத் தட்டி, இது வகுபடுமா என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் பதில் வந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. சாமியிடம் போய் ஆதார் கார்டு கேட்கிற பழக்கம் நமக்கு இல்லை.

தென்றல் கேட்டாள்.

கீழ்பென்னாத்தூர்ப் பெண். என் மையத்தில் எனக்கு அடுத்தபடியாகக் கணக்கு எடுத்தவள். அவள் அம்மா அருணாதேவி அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜாக்கெட் துணிக் கடை வைத்திருக்கிறார். அப்பா இல்லை. நல்ல ஆசிரியை என்று நானே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் என் வகுப்பில் எழுதிக்கொள்வார்கள், அவள் வகுப்பில் கேள்வி கேட்பார்கள். அந்தச் சத்தம் சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

ஒருநாள் மத்தியானம், பிள்ளைகள் போனபிறகு, அவள் பலகையில் இரண்டு எண்களை எழுதினாள். ஒன்று, இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று. இன்னொன்று, ஐந்நூற்று முப்பத்தாறு கோடியே முப்பத்திரண்டு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு. இரண்டையும் பெருக்கினால் நம் கல் வந்துவிடும் என்றாள். போனில் பார்த்ததோடு நிற்காமல் கையாலும் பெருக்கிப் பார்த்திருக்கிறாள். அந்த மாதிரிப் பெண்.

நான் பதினேழு ஒரு பகா எண் என்பதை எடுத்துச் சொன்னேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“மூணும் பகா எண்தானே சார். மூணு ஒண்ணு போட்டா நூத்திப் பதினொண்ணு. அது மூணால வகுபடுதே” என்றாள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். மூன்று முறை முப்பத்தேழு. எண்ணிக்கை பகா எண்ணாக இருப்பது அவசியம்; ஆனால் அது மட்டும் போதாது. இந்த வித்தியாசத்தை நான் எத்தனையோ வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. அவள் எழுதிய இரண்டு எண்களும் எனக்குப் புதிதில்லை. கல்லை நட்ட அன்று சாயங்காலமே, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, நானும் போனில் தட்டிப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அப்புறம் நிதானமாக யோசித்தேன். எந்த எண்ணாலும், இருபது லட்சத்தைத் தாண்டுகிறவரை, அதை அசைக்க முடியவில்லை. இந்த ஊரில் இருபது லட்சம் வரை அசையாமல் நிற்பவர் யார், நீங்களே சொல்லுங்கள். சாமி ஆவதற்கு அந்தத் தகுதி போதும் என்று முடிவு செய்து, போனை வைத்துவிட்டுத் தூங்கினேன். நன்றாகவே தூக்கம் வந்தது.

தென்றலுக்கு என் பேரைக் கெடுக்கும் எண்ணம் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லவில்லை என்றாள். உபயத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு இரண்டு ஒன்றைச் சேர்த்துவிட்டால் கல் சரியாகிவிடும், நீங்களே அறிவித்துவிடுங்கள், கண்டுபிடித்தது நீங்களாகவே இருக்கட்டும் என்றாள். எனக்குத் தெரியாத ஒன்றை எனக்கே தானமாகக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் பேசியதில்லை. டஸ்டரை எடுத்து அந்த இரண்டு எண்களையும் நானே அழித்தேன்.

அவளுக்கு அவசரம் இருந்தது. அருணாதேவியின் அண்ணன், அதாவது தென்றலின் தாய்மாமன், மல்லாட்டை விளையும் பூர்வீக நிலத்தில் தங்கைக்கு வர வேண்டிய பங்கைக் கொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். வருகிற பௌர்ணமிக்குக் கல்லின் மேல் கை வைத்து, பங்கு கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லித் தங்கையை நெருக்கினார். அருணாதேவியும் சாமி காரியம் என்று சரி சொல்லிவிட்டார்.

“எங்க அம்மா ஒரு தடவ சத்தியம் பண்ணிட்டா செத்தாலும் மீற மாட்டாங்க சார். தப்பான கல்லு மேல அத எப்படிப் பண்ண விடறது? பௌர்ணமிக்குள்ள நீங்க சொல்லலனா நான் சொல்லிடுவேன்” என்றாள்.

மிரட்டல் இல்லை, நாளைக்கு டெஸ்ட் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரல்தான். சரிம்மா, பார்க்கலாம் என்றேன்.

நான் சும்மா இருக்கவில்லை. அர்ஜுனனிடம் போய், உபயத்தைக் கொஞ்சம் சுருக்கலாமா என்று கேட்டேன். செத்துப்போன எங்கப்பா பேரை அழிக்கச் சொல்றீங்களா என்று கேட்டார். அந்தப் பக்கம் கதவு சாத்தியாகிவிட்டது. திறந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது என்று அப்புறம் புரிந்தது. இரண்டு ஒன்றைப் புதிதாகச் சேர்த்தால், ஏன் சேர்த்தீர்கள் என்று ஒருவன் கேட்பான். அதற்குப் பதில் சொன்னால், இத்தனை நாள் நாங்கள் கட்டிய கயிறு என்ன ஆச்சு என்று இன்னொருவன் கேட்பான். அரிசி ஆலைத் தம்பி கேட்பான். பிடித்துக் கூட்டி வரப்பட்ட மருமகள்கள் கேட்பார்கள். எத்தனை குடும்பம், மேடம். ஒரு பெண்ணின் வாயையும் ஒரு ஊரின் நிம்மதியையும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஆசிரியனாக இருந்து பழகியவனுக்குப் பெரியது எது, சிறியது எது என்று அடையாளம் போடத் தெரியும்.

ஆகவே ஒரு யோசனை சொன்னேன். கயிறு குவிந்து கல்லின் அடிப்பாகம் தெரியவில்லை, கல்லைத் தூக்கி உயரமான பீடத்தில் வைக்கலாம் என்று. அர்ஜுனனுக்கு உயரம் என்றால் பிடிக்கும். சடையன் சவுக்குக் கட்டைகளை முக்காலியாகக் கட்டி, கப்பி மாட்டி, கல்லைக் குழியிலிருந்து எடுத்துப் பீடத்துக்கு மேல் தொங்கவிட்டான். கயிற்றின் மறுமுனையை வேப்பமரத்தில் நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டான். சாப்பிட்டுவிட்டு வந்து இறக்கலாம் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான். நல்ல வெயில். பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை.

தென்றலை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். குழிக்குள் புதைந்திருந்த பாகம் இப்போது வெளியே வந்திருக்கிறது, உபயத்தை அங்கே இறக்கிவிட்டால் அதன் இடத்தில் இரண்டு ஒன்றை அடிக்கலாம், இடம் போதுமா என்று அளந்து சொல் என்றேன். அவள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம். சார் சரி பண்ணிடுவாருனு எங்கம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன் என்றாள். அதை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. அவள் கையில் இருந்த டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பீடத்தின் மேல் குனிந்து உட்கார்ந்தாள். கல்லுக்கு அடியில் தலையை நீட்டி அளந்தாள். நான் வேப்பமரத்தடியில் இருந்தேன்.

“இடம் இருக்குது சார், தாராளமா இருக்குது. அவங்க பேரும் போகாது, ரெண்டு ஒண்ணும் வந்துடும்” என்றாள்.

நான் முடிச்சை அவிழ்த்து, சுற்றுகளைக் கழற்றி, கயிற்றை விட்டேன்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கல் விழுந்து சாய்ந்து உடைந்தது. நான் ஓடி வந்து கூச்சல் போட்டேன். அதுவும் உண்மையான கூச்சல்தான், நடிப்பு இல்லை. கயிறு நழுவிவிட்டது என்று உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். கல்லைப் பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை, வேடிக்கை பார்க்க வந்திருப்பாள் என்றேன்.

சடையன் மேல் கவனக்குறைவு என்று வழக்கு. ஜாமீனில் வந்தவன் உளியைத் தொடுவதில்லையாம். முடிச்சைச் சரியாகப் போட்டேனா, இல்லையா என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். நல்ல முடிச்சு, மேடம். அவிழ்க்க எனக்கே கை வலித்தது. அவனைப் பார்த்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஊரில் பேச்சு வேறு விதமாகப் போனது. அவள் கையில் டேப் இருந்ததால், சாமியைச் சந்தேகப்பட்டு அளக்க வந்தவளைச் சாமி எடுத்துக்கொண்டது என்றார்கள். கூட்டம் இரண்டு மடங்கு ஆனது. கல் செய்ததாம். கல்லுக்கு என்ன தெரியும். யோசித்தது ஒருவன், பெயர் வாங்கிக்கொள்வது இன்னொருவன் என்பது கல்வித்துறையில் எனக்குப் பழகிப்போன விஷயம். இருந்தாலும் கொஞ்சம் உறுத்தியது.

அர்ஜுனன் புதுக் கல்லுக்கு வேறு ஊரிலிருந்து ஆள் வைத்தார். போன கல்லைவிட உயரம். எத்தனை ஒன்று சார் என்று கேட்டார். அவர் நினைவிலேயே இல்லை. பத்தொன்பது என்றேன். வேறு என்ன சொல்வது, அதுதானே சரியான விடை. அந்தப் பெண் சொன்னதைச் செய்து கொடுத்துவிட்டேன் என்றுகூட ஒரு திருப்தி வந்தது. கல்லை நட்ட அன்று நான் ஓரமாக நின்று, யாராவது ஏன் இரண்டு கூடியிருக்கிறது என்று கேட்பார்களா என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை, மேடம். அரிசி ஆலைத் தம்பி கயிற்றைக் கட்டிவிட்டுப் போனான். ஒரே ஒரு பெரியவர் மட்டும் வந்து, எழுத்து முன்னைவிடச் சின்னதாகத் தெரிகிறதே, கண் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று கேட்டார். யாருமே எண்ணியதில்லை. எந்தக் கேள்விக்குப் பயந்து அந்தக் கயிற்றை விட்டேனோ, அந்தக் கேள்வியைக் கேட்க இந்த ஊரில் ஆளே இல்லை.

முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அவமானமாக இருந்தது. எவனும் படிக்காத விடைத்தாளையா நான் இவ்வளவு கஷ்டப்பட்டுத் திருத்தினேன்.

புதுக் கல் நட்டபின் வந்த பௌர்ணமிக்கு அருணாதேவியை அவர் அண்ணன் சத்தியம் செய்யக் கூட்டி வந்தார். அந்த அம்மாள் குங்குமத்தைக் கையில் எடுத்து, பீடத்தின் மேல் ஏறி நின்று, மேலிருந்து ஒவ்வொரு ஒன்றின் மேலும் ஒரு பொட்டு வைத்தார். அவசரமே இல்லை. துணி அளந்து பழகிய விரல்கள். கடைசிப் பொட்டை வைத்துவிட்டு, அண்ணன் நீட்டிய கற்பூரத் தட்டைத் தள்ளிவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

“எங்க தென்றலு பதினேழுதான் இருக்குது, ரெண்டு ஒண்ணு கம்மினு சொல்லிட்டுத்தான் வீட்ட விட்டுப் போனா. இப்ப ரெண்டு சேந்திருக்குது. அவ கல்லப் பத்தி உங்ககிட்ட பேசவே இல்லனு எழுதிக் குடுத்தீங்களே சார். அப்ப உங்களுக்கு யாருங்க சொன்னது?”

நான் கல்லைத் திரும்பிப் பார்த்துப் பொட்டுகளை எண்ணினேன். பத்தொன்பது. அந்த அம்மாள் அங்கிருந்து நேராக உங்களிடம் வந்து புகார் கொடுத்துவிட்டார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. சத்தியம் செய்யவில்லை என்பதும், பங்கு கேட்டு அண்ணன் மேல் வழக்குப் போடப் போகிறார் என்பதும் கூடவே தெரிந்தது.

நான் மறைக்கப் போவதில்லை. சரியான கேள்விக்குத் தப்பான பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தென்றலைக் கொன்றது நான்தான். சடையன் இல்லை, கயிறு இல்லை, சாமியும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் கோபத்தில் செய்தேன் என்று ஏட்டையா எழுதியிருக்கிறார். அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பெண் கணக்கில் எங்கேயாவது ஓர் இடத்தில் பிசகியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். சிவப்பு மையில் சுழித்துக் காட்டி, முதுகில் தட்டிக்கொடுத்து, வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். என்னிடம் படித்த யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள், மேடம். தப்பு செய்கிற பிள்ளைகளிடம் நான் ஒருநாளும் கோபப்பட்டதே கிடையாது.